பாட்டு, புது ஃபார்மட், விலை: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூர் அல்சூரில் ஒரு சின்ன கேசட் கடையில் 1991லிருந்து 17 வருடம் கல்லாவில் நின்றவன் நான். எல்பி என்ற பெரிய இசைத்தட்டின் கடைசிக் காலம், கேசட் கொடிகட்டிப் பறந்த காலம், சிடி வந்து போன காலம் எல்லாவற்றையும் அங்கிருந்துதான் பார்த்தேன். கடை மூடிய பிறகும் தெரிந்தவர்கள் விடவில்லை. தமிழ்ச் சங்கத்துப் பக்கம் போனாலும், காக்ஸ் டவுன் மார்க்கெட்டில் காய் வாங்கினாலும், கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன். கேள்விகள் அவரவர் கேட்டபடியே இருக்கின்றன.

முதல்ல ஒண்ணு சொல்லுங்க. "புது ஃபார்மட்"னா என்ன?

பாட்டு அதேதான். அது எதில் ஏறி நம் வீட்டுக்கு வருகிறதோ அதுதான் ஃபார்மட். 1948ல் கொலம்பியா கம்பெனி கொண்டுவந்த எல்பி, 1963ல் பிலிப்ஸின் கேசட், 1982ல் சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து செய்த சிடி, 2003ல் ஆப்பிள் திறந்த ஐட்யூன்ஸ் கடை, அப்புறம் இணையத்திலிருந்து நேரடியாகக் கேட்கும் ஸ்ட்ரீமிங், இப்போது ஒலியில் எதையும் குறைக்காமல் அனுப்பும் லாஸ்லெஸ். ஒவ்வொன்றும் வந்த நாளில் புதுசுதான்.

புதுசா வர்றது எல்லாமே ஏன் யானை விலை குதிரை விலை சொல்றாங்க?

சிடியையே எடுத்துக்கொள்வோம். 1982 அக்டோபர் 1 அன்று ஜப்பானில் சோனியின் முதல் சிடி பிளேயர் கடைக்கு வந்தது. விலை 1,68,000 யென். அதோடு வந்த ஆல்பங்கள் வெறும் 50. தட்டு அடிக்கும் தொழிற்சாலைகளும் உலகத்திலேயே விரல் விட்டு எண்ணும் அளவுதான். அடிக்கிற தட்டுகளில் கழிந்துபோனவையும் அதிகம். இதெல்லாம் உண்மையான செலவுதான்.

ஆனால் விலையைத் தீர்மானித்தது அந்தச் செலவு மட்டும் என்று நினைக்காதீர்கள். எந்தப் புதுப் பொருளுக்கும் முதல் பந்தியில் உட்காருகிறவர்கள் சிலர் உண்டு. விலை எவ்வளவு என்று கேட்காமலே வாங்குவார்கள். கம்பெனி முதலில் அவர்களிடம் முடிந்த அளவு வாங்கிக்கொள்ளும். அவர்கள் தீர்ந்த பிறகு அடுத்த படிக்கு இறங்கும். அதனால் நான் யாருக்கும் சொல்வது, முதல் வருடம் பொறுங்கள். இரண்டாம் பந்தியிலும் அதே சாப்பாடுதான் போடுவார்கள்.

அண்ணா, விலை எப்போ இறங்கும்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

தட்டின் விலையைப் பார்க்காதீர்கள், பிளேயரின் விலையைப் பாருங்கள். சிடி வந்து 2 வருடம் கழித்து, 1984 நவம்பரில், சோனி கையடக்கமான டி-50 என்ற பிளேயரை 49,800 யென்னுக்கு விட்டது. முதல் பிளேயரின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதற்குப் பிறகுதான் சாதாரணக் குடும்பம் சிடி பக்கம் திரும்பியது. 1985ல் வந்த டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் குழுவின் ஒரு ஆல்பம் சிடியில் மட்டும் 10 லட்சம் விற்றது. அந்த எண்ணிக்கையைத் தொட்ட முதல் ஆல்பம் அதுதான். 1988ல் அமெரிக்காவில் சிடி எல்பியைத் தாண்டிவிட்டது.

எங்கள் கடையிலும் இதே கதைதான், என்ன, சில வருடம் தள்ளி நடந்தது. கேசட்டுகள் சுவர் முழுக்கத் திறந்த அலமாரியில் இருக்கும். சிடிகள் மட்டும் கல்லாவுக்குப் பின்னால் கண்ணாடிப் பெட்டியில், பூட்டுப் போட்டு, இருபதோ இருபத்தைந்தோ. கேட்பவர்களுக்கு எடுத்துக் காட்டுவேன். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார்கள், வானவில் தெரியும், சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள். வீட்டில் போட்டுக் கேட்கப் பெட்டி இல்லையே. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் எஸ்பி ரோட்டில் மலிவான பிளேயர்கள் குவிய ஆரம்பித்த பிறகுதான் அந்தப் பூட்டைக் கழற்றினோம்.

ஒரு சிடி அடிக்க சில ரூபாய்தான் ஆகுதுன்னு சொல்றாங்க. அப்போ விலை ஏன் இறங்கவே இல்ல?

ரொம்ப நியாயமான கோபம். அடிக்கும் செலவு வேகமாக இறங்கியது உண்மை. ஆனால் இன்னொன்றை யோசியுங்கள். ஒரு கடையில் வெங்காயம் விலை ஏறினால் அடுத்த கடைக்குப் போவோம். எஸ்பிபியின் குரலுக்கு அடுத்த கடை எது? ஒரு ஆல்பத்தின் உரிமை ஒரே கம்பெனியிடம்தான் இருக்கும். போட்டியே இல்லாத இடத்தில் செலவு குறைந்தால் லாபம் கூடுமே தவிர விலை குறையாது.

போதாததற்கு விலையைத் தாங்கிப் பிடிக்கவும் ஆள் இருந்தது. அமெரிக்காவில் 5 பெரிய இசைக் கம்பெனிகள், "நாங்கள் சொன்ன விலைக்குக் கீழே விளம்பரம் செய்தால் உங்களுக்கு விளம்பரப் பணம் தரமாட்டோம்" என்று கடைகளுக்கு நிபந்தனை போட்டன. 2000ல் அங்குள்ள வணிகப் போட்டி ஆணையம் அதைத் தடுத்தது. இதனால் மூன்று வருடத்துக்கும் சற்று அதிகமான காலத்தில் மக்கள் 48 கோடி டாலர் வரை கூடுதலாகக் கொடுத்திருக்கலாம் என்றும் கணக்குச் சொன்னது.

சரி, விலையைக் குறைச்சிருந்தா எல்லாம் வித்திருக்குமா?

எப்போது குறைக்கிறோம் என்பதுதான் விஷயம். 2003ல் யுனிவர்சல் கம்பெனி 18.98 டாலர் வரை போட்டிருந்த சிடி விலையை 12.98 டாலருக்கு இறக்கியது. பெரிய வெட்டுதான். ஆனால் 1999லேயே இணையத்தில் பாட்டைப் பகிர்ந்துகொள்ளும் நாப்ஸ்டர் வந்துவிட்டது. கல்லூரிப் பிள்ளைகள் பாட்டை இலவசமாக இறக்கிப் பழகியிருந்தார்கள். சில வருடத்தில் சிடி விற்பனை இன்னும் கீழே போனது. இதே விலையை 1995ல் வைத்திருந்தால் கதையே வேறாக இருந்திருக்கும் என்பது என் உறுதியான எண்ணம். வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு வெளியே போன பிறகு தள்ளுபடிப் பலகை மாட்டி என்ன பயன்?

நம்ம நாட்டுல கேசட் மட்டும் எப்படி மூலைமுடுக்கெல்லாம் போச்சு?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். முதல் காரணம் பிலிப்ஸ். கேசட்டைக் கண்டுபிடித்தவர்கள் அதை மற்ற கம்பெனிகளும் கட்டணமில்லாமல் செய்ய விட்டுவிட்டார்கள். அதனால் உலகம் முழுக்க ஒரே அளவு, ஒரே வகை. யார் செய்த கேசட்டும் யார் செய்த பெட்டியிலும் ஓடும்.

இரண்டாவது காரணம் குல்ஷன் குமார். டெல்லி தரியாகஞ்சில் பழச்சாறு விற்ற குடும்பத்துப் பிள்ளை. அவருடைய டி-சீரிஸ் 1980களில் எச்எம்வி விற்ற விலையைவிட மிகக் குறைவாகக் கேசட்டை இறக்கியது. பழைய பாட்டுகளைப் புதுக் குரல்களில் பாடவைத்து வெளியிட்டது. முக்கியமாக, இசைக் கடைக்காகக் காத்திருக்கவில்லை. பீடாக் கடை, மளிகைக் கடை, பெட்டிக்கடை எங்கும் தொங்கவிட்டது. ஒரு கேசட்டில் கிடைக்கும் லாபம் சின்னது, விற்ற எண்ணிக்கை பெரியது. இசைக் கடைப் படியே ஏறியிராத மக்கள் பாட்டு வாங்க ஆரம்பித்தார்கள். அதுவரை தேவை இல்லாமல் இல்லை. அந்த விலையில் யாரும் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது காரணத்தைச் சொல்லக் கொஞ்சம் கூச்சம்தான், ஆனாலும் சொல்லவேண்டும். எங்கள் கடை உட்பட எல்லாத் தெருவிலும் பாட்டுப் பதிந்து கொடுத்தோம். நோட்டில் கிழித்த தாளில் 14 பாட்டு எழுதிக்கொண்டு வருவார்கள். ஓரத்தில் "முடிந்தால் இதுவும்" என்று இன்னும் இரண்டு. 60 நிமிட டிடிகே கேசட்டில் பதிந்து, அட்டையில் பால்பாயின்ட் பேனாவால் வரிசையாக எழுதி, நாலு நாள் கழித்துக் கொடுப்போம். அது சட்டப்படி தப்பு. பாடியவருக்கும் இசையமைத்தவருக்கும் ஒரு பைசா போகவில்லை. ஆனால் மக்கள் எதற்குக் காசு கொடுக்கத் தயார் என்பதை அந்தத் தாள்கள்தான் எனக்குக் காட்டின. யாரும் ஆல்பம் கேட்கவில்லை. அவரவர் வரிசையைக் கேட்டார்கள். இசைக் கம்பெனிகளுக்கு அது புரிய இன்னும் 15 வருடம் ஆனது.

ஒலி இன்னும் நல்லா இருந்தா ஜனங்க காசு கொடுப்பாங்கல்ல? அப்போ எஸ்ஏசிடி ஏன் தோத்துது?

1999ல் சோனியும் பிலிப்ஸும் எஸ்ஏசிடி, அதாவது சூப்பர் ஆடியோ சிடி என்ற தட்டைக் கொண்டுவந்தார்கள். 2000ல் போட்டிக்கு டிவிடி ஆடியோ வந்தது. இரண்டும் சிடியைவிடத் துல்லியம், இரண்டுக்கும் தனிப் பிளேயர் வேண்டும், தட்டு விலையும் அதிகம். எது ஜெயிக்கும் என்று தெரியாமல் எந்தப் பெட்டியை வாங்குவது?

ரெசிடென்சி ரோட்டில் ஒரு ஷோரூமில் டிவிடி ஆடியோவைப் போட்டுக் காட்டினார்கள், நானும் போயிருந்தேன். வீணை மீட்டுகிற விரல் நகம் தந்தியில் படுவது வரை கேட்டது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் முழுப் பாட்டையும் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இதைக் கார்ல போடலாமா தம்பி?" என்றார். "முடியாது சார்." அவர் எழுந்து போய்விட்டார். அந்த ஃபார்மட்டின் கதை அந்தக் கேள்வியிலேயே முடிந்துவிட்டது என்று இன்றும் நினைக்கிறேன்.

எல்பியிலிருந்து சிடிக்குப் போனபோது ஒலி மட்டுமா மாறியது? கீறல் சத்தம் போனது, பக்கம் திருப்பும் வேலை போனது, வேண்டிய பாட்டுக்கு ஒரே பொத்தானில் தாவ முடிந்தது. கஷ்டம் ஒன்று தீர்ந்தால் மக்கள் கூடுதல் காசு கொடுப்பார்கள். ஒலி மட்டும் கூடினால் நம்மைப் போன்ற சிலர்தான் கொடுப்போம். 2001ல் வந்த ஐபாட்டில் ஒலி சிடியைவிடக் குறைவு. ஆனால் சட்டைப் பையில் 1,000 பாட்டு.

ஒரு பாட்டு 6 ரூபாய்க்கு வந்ததே, அதைக்கூட ஏன் யாரும் வாங்கல?

2012 பிப்ரவரியில் நம் பெங்களூர் ஃபிளிப்கார்ட் ஆரம்பித்த ஃபிளைட் சேவையைக் கேட்கிறீர்கள். பாட்டு 6 ரூபாயிலிருந்து சட்டப்படி இறக்கிக்கொள்ளலாம். 2013 ஜூனில் மூடிவிட்டார்கள்.

அமெரிக்காவில் 2003ல் ஐட்யூன்ஸ் ஒரு பாட்டு 99 சென்ட் என்று வைத்தபோது முதல் வாரத்திலேயே 10 லட்சம் பாட்டு விற்றது. அங்கே கார்டு விவரம் ஒரு முறை கொடுத்தால் போதும், அப்புறம் ஒரு கிளிக்தான். இங்கே 6 ரூபாய்க்குக் கார்டு எண்ணை அடித்து, கடவுச்சொல் போட்டு, ஓடிபிக்குக் காத்திருக்கவேண்டும். பாதிப் பேரிடம் கார்டே கிடையாது. யுபிஐ 2016ல்தான் வந்தது. 6 ரூபாய்ப் பொருளை வாங்க 60 ரூபாய் அலைச்சல் என்றால் அதன் விலை 66 ரூபாய் என்றுதான் நான் கணக்குப் போடுவேன். பக்கத்திலேயே அதே பாட்டு இலவசமாக, திருட்டுத்தனமாகக் கிடைத்தது.

அமெரிக்காவுல மாசம் 10 டாலர் வாங்கினப்போ இங்க 100 ரூபாய் சுத்திதான் வாங்கினாங்க. அதே பாட்டுதானே, எப்படிக் கட்டுப்படியாச்சு?

ஆப்பிள் மியூசிக் 2015ல் அங்கே 9.99 டாலர், இங்கே 120 ரூபாய் என்று வந்தது. 2019ல் அதையும் 99 ரூபாய்க்கு இறக்கினார்கள். அதே வருடம் வந்த ஸ்பாட்டிஃபை 119 ரூபாய். பாட்டை இன்னொருவருக்கு அனுப்ப ஆகும் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. அதனால் ஊருக்கு ஊர் மடிக்கு ஏற்ற விலை வைக்க முடிகிறது. இங்கே 10 டாலர் வைத்திருந்தால் சந்தா கட்டுபவர் கொஞ்சம் பேர்தான் இருந்திருப்பார்கள்.

ஸ்பாட்டிஃபை வரும்போது ஒரு நாளைக்கு 13 ரூபாய், ஒரு வாரத்துக்கு 39 ரூபாய் என்றும் வைத்தது. இதைப் புதுத் தந்திரம் என்று ஒரு தம்பி வியந்தார். கடலூரில் தொடங்கிய சிக் ஷாம்பு சாஷேயை நினைத்துப் பாருங்கள். முழு பாட்டிலுக்குக் காசு இல்லாதவர்களும் தலைக்குத் தேய்த்துக் குளிக்க ஆசைப்படுவார்கள் என்று நம் ஊர்க்காரர்களுக்கு 1980களிலேயே தெரியும்.

ஆனாலும் இங்கே சந்தா கட்டுவோர் குறைவு, விளம்பரத்தோடு சும்மா கேட்பவர்களே அதிகம். யூடியூப் இருக்கும்வரை 0 ரூபாயோடுதான் போட்டி.

லாஸ்லெஸ்ஸுக்குன்னு கூடுதல் பணம் கட்டணுமா குரு?

வேண்டாம். டைடல் என்ற ஸ்ட்ரீமிங் சேவை 2014ல் இதற்காக மாதம் 19.99 டாலர் வாங்கியது. அமேசான் 2019ல் 14.99 டாலர். பிறகு 2021 மே 17 அன்று ஒரே நாளில் ஆப்பிளும் அமேசானும் கூடுதல் கட்டணம் இல்லை என்று அறிவித்தன. டைடலும் 2024ல் விலையை 10.99 டாலருக்கு இறக்கியது. 2021ல் இதை அறிவித்துவிட்டு வருடக்கணக்கில் காக்கவைத்த ஸ்பாட்டிஃபையும் 2025 செப்டம்பரில் பல வெளிநாடுகளில் சந்தாவுக்குள்ளேயே கொடுக்க ஆரம்பித்தது. ஒலிக்கு மட்டும் தனி விலை நிற்காது என்று எஸ்ஏசிடி கேள்வியில் சொன்னது இங்கேயும் நடந்திருக்கிறது.

நீங்கள் புளூடூத் இயர்போனில் கேட்பவர் என்றால் வித்தியாசம் வந்து சேராது. சிடி தரத்துக்கு நொடிக்கு 1,411 கிலோபிட் வேண்டும். புளூடூத்தில் நல்லது என்று பேர் வாங்கிய எல்டிஏசி என்ற முறையே 990 கிலோபிட்டில் நின்றுவிடும். நல்ல ஒயர் இயர்போன் ஒன்று வாங்குங்கள். போனில் அதற்குத் துளை இல்லை என்றால் சில நூறு ரூபாய்க்கு டாங்கிள் என்ற இணைப்புத் துண்டு கிடைக்கும்.

எல்லாம் மலிவாகுது, எல்பி மட்டும் ஏன் ஏறிக்கிட்டே போகுது? 3,000 ரூபாய் கேக்கறாங்க!

இதுவரை சொன்னதற்கெல்லாம் எதிராக நடப்பது இது ஒன்றுதான். அமெரிக்காவில் 2020ல் எல்பியின் வருமானம் சிடியைத் தாண்டியது. 2022ல் எண்ணிக்கையிலும் தாண்டியது, 1987க்குப் பிறகு முதல் முறையாக. விலை ஏறியும் ஆள் குறையவில்லை.

ஒரு காரணம் செய்யும் இடம். பழைய அச்சு இயந்திரங்களைப் பெரும்பாலும் இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். தட்டுக்கு மூலவார்ப்பு வெட்டும் லேக்கர் தட்டைச் செய்ய உலகத்தில் இரண்டே இடங்கள் இருந்தன. அதில் ஒன்றான கலிபோர்னியாவின் அப்போலோ 2020 பிப்ரவரியில் எரிந்துபோனது. இங்கே வருவதில் பெரும்பகுதி இறக்குமதி, அதனால் கப்பல் கூலியும் சுங்கமும் சேரும்.

இன்னொரு காரணம் வாங்குகிறவர். அமெரிக்காவில் எல்பி வாங்கியவர்களில் பாதிப் பேரிடம்தான் பிளேயரே இருக்கிறது என்று 2023ல் இசை விற்பனையைக் கணக்கெடுக்கும் லுமினேட் நிறுவனம் கண்டது. பாட்டு அவர்களுக்குப் போனிலேயே இருக்கிறது. அவர்கள் வாங்குவது கையில் பிடிக்கும் பெரிய அட்டைப்படத்தை, அந்தப் பாடகர் தன் வீட்டில் இருக்கிறார் என்ற நிறைவை. பூஜை அறையில் படம் மாட்டுகிறவர் காகித விலையா கேட்பார்? இதைக் கேலி செய்யாதீர்கள். அந்த ஆசை உண்மையானது.

சிக்பேட்டை சண்டே பஜார்ல 100, 200க்குப் பழைய தட்டு கிடைக்குதே, வாங்கலாமா?

தாராளமாக, காலை 8 மணிக்கு முன்னால் போங்கள். தட்டை அட்டையிலிருந்து முழுக்க வெளியே எடுத்து, கண் மட்டத்தில் சூரிய வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நகத்தில் தட்டுப்படாத மெல்லிய கோடுகள் போகட்டும். நகம் சிக்கினால் ஊசியும் சிக்கும். நடுத் துளையைச் சுற்றி வெள்ளைத் தடங்கள் நிறைய இருந்தால் பிளேயரின் நடுக் கம்பியைத் தேடித்தேடி வைத்திருக்கிறார்கள், அதாவது ரொம்ப ஓடிய தட்டு. அட்டை நன்றாக இருக்கிறதே என்று பார்க்காமல் ஒரு நாதஸ்வரத் தட்டை வாங்கிவந்தேன். உள்ளே இருந்தது ஆங்கில மொழிப் பயிற்சித் தட்டு.

அதிக விலை கொடுத்தா பாடறவங்களுக்கு அதிகம் போகுமா?

தானாகப் போகாது. சிடி வந்த புதிதில் "புதுத் தொழில்நுட்பம்", "பேக்கிங் செலவு" என்று சொல்லிக் கலைஞர்களின் பங்கில் கழித்துக்கொண்டார்கள். விலை கூடியது, பங்கு கூடவில்லை. ஸ்ட்ரீமிங்கில் மொத்த வருமானத்தைக் கேட்ட எண்ணிக்கைப்படி பிரிக்கிறார்கள். நீங்கள் மாதம் முழுக்க ஒரே ஓதுவாரின் தேவாரத்தைக் கேட்டாலும் உங்கள் சந்தாவில் பெரும்பகுதி ஊரே கேட்கும் பாட்டுகளுக்குத்தான் போகும். 2024லிருந்து ஸ்பாட்டிஃபையில் 12 மாதத்தில் 1,000 முறை கேட்கப்படாத பாட்டுக்குப் பணமே கிடையாது. ஒருவரை உங்களுக்குப் பிடித்திருந்தால் அவர் கையால் விற்பதை வாங்குங்கள். அதைவிட நேர்வழி எனக்குத் தெரியவில்லை.

நாங்க நாலு பேர் பேண்ட், முதல் ஆல்பம். எதுல போட்டு என்ன விலை வைக்கறது அங்கிள்?

ஒரே விலை வைக்காதீர்கள். 2007ல் ரேடியோஹெட் குழு தங்கள் ஆல்பத்தை இணையத்தில் போட்டு, உங்களுக்குத் தோன்றியதைக் கொடுங்கள் என்றது. சும்மாவும் எடுத்துக்கொள்ளலாம். கூடவே அதே ஆல்பத்தை எல்பியும் சிடியும் சேர்ந்த பெட்டியாக 40 பவுண்டுக்கு விற்றது. ஏறக்குறைய மூன்று மாதம் கழித்து சாதாரண சிடியாகக் கடைக்கு வந்தபோது அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதல் இடம். ஒரே இசை, மூன்று வகை மனிதர்கள், மூன்று விலை. அவர்கள் முன்பே உலகப் புகழ் பெற்றவர்கள் என்பதையும் மறக்கவேண்டாம்.

உங்களுக்கு இப்படிச் சொல்வேன். ஸ்ட்ரீமிங்கில் எல்லாவற்றையும் போடுங்கள், அதில் வருமானம் எதிர்பார்க்காதீர்கள், அது உங்கள் பெயர்ப்பலகை. எல்பி அடிக்கும் ஆசை இருந்தால் முதலில் முன்பணம் வாங்குங்கள். பணம் கட்டியவர்களை மட்டும் எண்ணுங்கள். "கண்டிப்பா வாங்கறேன் ப்ரோ" என்றவர்களை எண்ணவேண்டாம். 50 பேர்கூடத் தேறவில்லை என்றால் பாட்டு வரிகளோடு ஒரு சின்னப் புத்தகம், உள்ளே பதிவிறக்கக் குறியீடு, 200 ரூபாய். அச்சுக்கூலி அவென்யூ ரோட்டில் விசாரியுங்கள். கச்சேரி முடிந்து முதல் கால் மணி நேரம்தான் விற்பனை. மேசையை மேடைப் பக்கம் போடாமல் வாசல் பக்கம் போடுங்கள், யுபிஐ அட்டையை இரண்டு இடத்தில் ஒட்டுங்கள், நாலு பேரில் ஒருவராவது வாத்தியத்தைக் கட்டிவைக்கும் வேலையை விட்டுவிட்டு அங்கே போய் நில்லுங்கள்.